நிறுத்த வழி வைக்காத காற்றாடி

ஊரே கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றது. காற்றாடி மட்டும் அசையவில்லை.

வைகாசிச் சோளகக் காற்று பூவரசம் வேலியைப் படுக்கவைத்து அடித்துக்கொண்டிருந்தது. வாழையிலைகள் நார்நாராகக் கிழிந்து பறந்தன. அவ்வளவு காற்றிலும், கிணற்றைச் சுற்றி நட்ட நான்கு பனங்குற்றிகளின் உச்சியில் ஏற்றி வைத்த அந்தப் பெரிய தகரச் சில்லு, பந்தியில் கவனிக்கப்படாத சம்பந்தி மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது.

"செபநாயகம், உது பாக்கிறதுக்கு மட்டுமோ?" என்று கீழேயிருந்து கதிரவேலர் கேட்டார்.

செபநாயகம் ஏணியின் மேற்படியில் நின்றார். ஒரு கையில் சுத்தியல், மறுகையில் தேங்காயெண்ணெய்ப் போத்தல். "பொறுங்கோ அண்ணை. கிறீஸ் இல்லாமல் எண்ணெயிலை ஓடுற சாமான். முதல் நாள் கொஞ்சம் வெக்கப்படும்."

"புதுப்பொம்பிளையோ?"

சனம் கொல்லென்று சிரித்தது. குணலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய விதை வெங்காயம் முழுவதும் நிலத்துக்குள் இருந்தது. வழக்கமாகப் பாதியை நடுவாள். மீதி அடுப்படிப் பரணில் பிடிபிடியாகத் தொங்கும். நட்டது பட்டுப் போனாலும் அடுத்த போகத்துக்குக் கையில் விதை இருக்கும். இந்த முறை காற்றாடியை நம்பிப் பரணைத் துடைத்து நட்டுவிட்டாள். போரால் பாதை பூட்டிக் கிடக்கிற காலம். வெளியிலிருந்து விதை வராது. ஊருக்குள்ளும் எவரும் கொடுக்க மாட்டார்கள். இந்த வெங்காயம் போனால் அவள் வெங்காயக்காரி இல்லை. அவ்வளவுதான்.

செபநாயகம் அச்சின் தலையில் ஓங்கி ஒரு அடி போட்டார்.

சில்லு ஒருதரம் முனகியது. பிறகு கால் சுற்று. பிறகு அரைச் சுற்று. அதன் பிறகு யாரும் எண்ணவில்லை. தகரத் தகடுகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே வட்டமாகின. அதில் பூட்டியிருந்த மொரிஸ் மைனர் காரின் பின் அச்சு, அந்தக் கார் ஓடிய காலத்தில்கூட இப்படிச் சுற்றியிருக்காது. தண்டு மேலும் கீழும் போகத் தொடங்கியது. கிணற்றுக்குள்ளிருந்து ஏப்பம் விடுகிற சத்தம் கேட்டது. குழாய் வாய் இரண்டு தரம் காற்றைத் துப்பியது. பிறகு பழுப்பு நிறத்தில் கொஞ்சம். பிறகு பளிங்கு மாதிரித் தண்ணீர், தொடை மொத்தத்தில், தொட்டிக்குள் விழுந்தது.

"ஐயோ, தண்ணி!" என்று கத்தியது தான்தான் என்று குணலட்சுமிக்குப் பிறகுதான் தெரிந்தது. பிறந்ததிலிருந்து அந்தக் கிணற்றுத் தண்ணீரில் குளித்தவள், தண்ணீரைப் புதிதாகக் கண்டவள் போலத் தொட்டிக்குள் இரண்டு கையையும் விட்டு அளைந்தாள். அயல்வீட்டு இரத்தினம்மா தன் அறுபது வயதையும் மறந்து முழங்கால் வரை சேலையைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலில் இறங்கிவிட்டார். கதிரவேலர் மட்டும் பனங்குற்றிகளை ஏக்கத்தோடு பார்த்தார். காற்றாடி ஓடாவிட்டால் குற்றி நான்கும் தன் பதுங்குகுழிக்கு என்று பேசி வைத்திருந்தவர் அவர்.

மின்சாரம் போய் இரண்டு வருடமாகிவிட்டது. மண்ணெண்ணெய் தங்கத்தோடு போட்டி போட்டது. தண்ணீர் இறைக்கும் இயந்திரங்கள் சாக்குப் போர்த்தி மூலையில் கிடந்தன. அவற்றைத் திருத்திப் பிழைத்த கோப்பாய்ச் செபநாயகமும் அப்படியே தன் பட்டறையின் மூலையில் கிடந்தார். கிடந்த கிடையில் அவருக்கு வந்த யோசனைதான் இந்தக் காற்றாடி. பல கிணற்றடிகளில் போய்ச் சொல்லிப் பார்த்தார். சிரித்து அனுப்பினார்கள். குணலட்சுமி சிரிக்கவில்லை. புருசன் கொழும்பில் அச்சகமொன்றில் வேலை. பாதை திறந்தால்தான் வீட்டுக்கு வரலாம். வாளியால் அள்ளி அள்ளி அவளுடைய உள்ளங்கை தோலுரிந்திருந்தது. ஒருவர் வந்து காற்றே தண்ணீர் இறைக்கும் என்று சொன்னால், அவர் விசரனாக இருந்தாலும் பரவாயில்லை என்கிற நிலையில் இருந்தாள். மற்ற இரண்டு பங்குக்காரரையும் அவள்தான் இழுத்து வந்தாள்.

அது மூன்று வீட்டுப் பங்குக் கிணறு. கதிரவேலர், இரத்தினம்மா, குணலட்சுமி என்று நாளுக்கு ஒருவராக முறை வரும். விடிந்ததிலிருந்து மறுநாள் விடியும்வரை முறைக்காரரே கிணற்றுக்கு ராசா. மற்றவர் வாளி போடுவதென்றாலும் கேட்டுத்தான் போடவேண்டும். முறையை விட்டால் விட்டதுதான். நாளைக்குச் சேர்த்துக் கேட்க முடியாது. இந்த ஒழுங்கு காணி உறுதிப் பத்திரத்திலேயே எழுதிக் கிடந்தது. பாட்டன் காலத்தில் துலா மிதித்து இறைத்தபோதும் இதே ஒழுங்குதான், இயந்திரம் வந்தபோதும் இதே ஒழுங்குதான். காற்றுக்கு மட்டும் இந்த ஒழுங்கைப் பற்றி யாரும் சொல்லி வைக்கவில்லை.

முதல் கிழமையே சண்டை தொடங்கியது. கதிரவேலரின் முறையில் சோளகம் பேய் மாதிரி அடித்தது. மறுநாள் இரத்தினம்மாவின் முறையில் ஒரு இலைகூட ஆடவில்லை. அடுத்த சுற்றிலும் அப்படியே.

"என்ரை முறையிலை மட்டும் உந்தக் காத்துக்கு என்ன பாரிசவாதமோ?" இரத்தினம்மா வேலிக்கு மேலால் தலையை நீட்டினார். "கதிரவேலு, நீ வைரவருக்குப் பின்னாலை போய் ஏதும் செய்வினை செய்தனியோ?"

"எனக்கு வேறை வேலையில்லை பாருங்கோ. காத்தைக் கட்டி வைக்கிறதுக்கு நான் என்ன அனுமாரின்ரை தேப்பனே?"

"காத்தில்லாத நாள் முறையிலை சேராது. எனக்கு நாளைக்கு வேணும்."

"உறுதியிலை காத்தெண்டு எழுதிக் கிடக்கோ? நாள் எண்டுதான் கிடக்கு. உங்கடை நாள் முடிஞ்சுது."

"முடிஞ்சுதோ? உன்ரை நாக்கும் ஒருநாளைக்கு முடியும்."

குணலட்சுமி நடுவில் நின்று இரண்டு பேரையும் பார்த்தாள். சிரிப்பும் வந்தது, நியாயமும் விளங்கியது. காற்று எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே தன் முறையில் காற்று இருந்தால் கடைசிச் சொட்டுவரை எடுத்துவிட வேண்டும். மூன்று வீடும் இந்த முடிவுக்குத் தனித்தனியாக வந்து சேர்ந்தன. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அதன் பிறகு நடந்ததை ஒரு காய்ச்சல் என்றுதான் சொல்லவேண்டும். இயந்திர காலத்தில் மண்ணெண்ணெய் முடிய இறைப்பும் முடியும். இப்போது சில்லு இராப்பகலாகச் சுற்றியது, தண்ணீர் இராப்பகலாக விழுந்தது, காசு கேட்க ஒரு நாய் இல்லை. கதிரவேலர் இரண்டு தலைமுறையாகத் தரிசாகக் கிடந்த துண்டில் வாழை வைத்தார். இரத்தினம்மா தக்காளி போட்டார், கீரை போட்டார், மாட்டுக்குப் புல் போட்டார், கடைசியில் வேலியில் நட்ட கதியால் தடிகளுக்கும் வாய்க்கால் வெட்டினார். குணலட்சுமி பக்கத்து வளவைக் குத்தகைக்கு எடுத்து மிளகாய்க் கன்று நட்டாள். அவளுடைய வெங்காயம் முழங்கால் உயரத்துக்குக் கிளம்பி நின்றது. சோளகம் அதன் மேல் ஓடும்போது பச்சைக் கடல் ஒன்று புரள்வது போலிருக்கும். மண்வெட்டியோடு பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற்றிக்கொண்டு நிற்கையில் அவளுக்குப் பாட்டு வந்தது. பாட்டு வருகிற பெண் அல்ல அவள். அயல் ஊர்களிலிருந்து சைக்கிளில் ஆட்கள் வந்து பார்த்தார்கள். செபநாயகம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு விளக்கம் சொன்னார். மேலே ஹெலிகொப்டர் சுற்றினால் மட்டும் எல்லோரும் ஓடிப்போய்ப் பதுங்குகுழிக்குள் இருந்து, சில்லுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று கும்பிட்டார்கள்.

மிஞ்சிய தண்ணீர் வேலிக்கு வெளியே ஒழுங்கைப் பாதைக்கு ஓடியது. ஒழுங்கையில் தவளை கத்தியது. அந்தக் கோடையில் ஒழுங்கையில் தவளை கத்துவதை ஊர் பெருமையாகப் பேசிக்கொண்டது.

ஆனி பிறந்த கையோடு வெங்காயத் தாள்களின் நுனி வெளுத்தது.

குணலட்சுமி முதலில் பூச்சி என்று நினைத்தாள். வேப்பம்பிண்ணாக்கு ஊறவைத்துத் தெளித்தாள். வெளுப்பு இறங்கி வந்தது. நுனிகள் சுருண்டு, நெருப்புப் பட்ட மயிர் மாதிரிக் கருகின. பிறகு வாய்க்கால் ஓரங்களில் வெள்ளையாக ஒரு பொருக்குப் படிந்திருப்பதைக் கண்டாள். விரலால் சுரண்டி நாக்கில் வைத்தாள். ஓடிப்போய்க் குழாய் வாயில் கையை ஏந்தி ஒரு மிடறு குடித்தாள்.

சவர். உப்புக் கரித்தது.

அவள் அந்த இடத்திலேயே குந்திவிட்டாள். குடாநாட்டுக் கிணற்றின் கதை பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். மழைத் தண்ணீர் கல்லுக்குள் இறங்கிக் கடல் தண்ணீரின் மேல் மிதக்கிறது. மேலே இருப்பதை அளவாக எடுத்தால் நல்ல தண்ணீர். கொள்ளையடித்தால் கீழே இருப்பது ஏறி வரும். இது தெரியாதவர்களா அவர்கள்? தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்தார்கள். இவ்வளவு காலமும் கிணற்றைக் காப்பாற்றியது இவர்களுடைய புத்தி அல்ல. முன்பு துலா மிதித்தவனின் கால்வலி, பிறகு மண்ணெண்ணெயின் விலை. இரண்டையும் காற்றாடி இல்லாமல் செய்துவிட்டது. ஒழுங்கையில் தவளைக்கு விட்ட தண்ணீர்தான் அவளுடைய வெங்காயத்தின் தண்ணீர்.

குந்தியிருந்து ஆவது ஒன்றுமில்லை. எழுந்து சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். அன்றைக்குக் கதிரவேலரின் முறை. சோளகம் காலையிலிருந்தே ஏறிக்கொண்டிருந்தது. அந்த வருடத்தின் மிகப் பெரிய காற்று அது. சில்லு இரைந்துகொண்டு சுற்றியது, பனங்குற்றிகள் அடியோடு அதிர்ந்தன.

"கதிரவேலண்ணை, சில்லை நிப்பாட்டோணும்."

அவர் வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றார். நிமிரவில்லை. "ஆரின்ரை முறை?"

"உங்கடைதான். தண்ணி சவராப் போச்சு. குடிச்சுப் பாருங்கோ."

"நான் காலமை குடிச்சனான். தேன் மாதிரிக் கிடக்கு."

"பொய் சொல்லாதையுங்கோ அண்ணை. என்ரை வெங்காயத்தைப் பாருங்கோ, எரிஞ்சு போகுது."

"வெங்காயத்துக்கு நோய் வந்தால் கிணத்திலையோ பழி? உன்ரை முறையிலை நீ நிப்பாட்டு, நான் வேண்டாமெண்டனானோ? என்ரை முறையிலை கை வைக்காதை பிள்ளை. காத்தைப் பார், எப்பிடி அடிக்குது! உப்பிடி ஒரு காத்து இனி எப்ப வரும்?"

"இண்டைக்கு உந்தக் காத்து முழுக்க இழுத்தால், நாளைக்குக் கிணறு கடலாப் போம்!"

சத்தம் கேட்டு இரத்தினம்மா வேலியிலிருந்த பொட்டு இடைவெளியால் நுழைந்து வந்தார். இடுப்பில் கை. "கதிரவேலு, தேன் எண்டோ சொன்னனி?"

"ஓம், தேன்தான்."

"அப்ப ஏன் உன்ரை மாடு மூண்டு நாளா என்ரை தொட்டியிலை வந்து குடிக்குது? நான் அங்காலை சந்திக் கிணத்திலையிருந்து அள்ளிக் கொண்டுவந்து வைச்ச தண்ணி. உன்ரை தொட்டியிலை வாய் வைச்சுப்போட்டு, மூஞ்சையைச் சுழிச்சுக்கொண்டு வேலியை உடைச்சு வருகுது. தேனெண்டால் மாட்டுக்குச் சீனி வருத்தமோ?"

மாடு குடிக்காதது கதிரவேலருக்கு முதல் நாளே தெரியும் என்பது அவருடைய முகத்தில் எழுதியிருந்தது. மண்வெட்டியை நிலத்தில் கொத்தி விட்டு, தொட்டியடிக்குப் போய் ஒரு மிடறு குடித்து, அதைத் துப்பாமல் விழுங்கினார். பங்குக்காரர் முன்னால் துப்ப அவருக்கு மனம் வரவில்லை.

"சரி," என்றார். "செபநாயகத்தைக் கூப்பிடு."

குணலட்சுமி சைக்கிளை எடுத்துக்கொண்டு எதிர்க்காற்றில் நின்று மிதித்துப் போய், பட்டறையில் வேறொரு காற்றாடிக்குத் தகரம் வெட்டிக்கொண்டிருந்த செபநாயகத்தைக் கையோடு கூட்டிவந்தாள். அவர் மேலே சில்லைப் பார்த்தார். கீழே கிணற்றைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"நிப்பாட்டுறதெண்டால்..." என்று இழுத்தார்.

"பிரேக் எங்கை?" என்று கேட்டார் கதிரவேலர்.

"பிரேக் வைக்கேல்லை."

"என்ன?"

"அண்ணை, ஓடினால் காணுமெண்டுதானே எல்லாரும் நேத்திக்கடன் வைச்சனியள். நிப்பாட்டச் சொல்லி ஆர் கேட்டது? சும்மா வாற காத்தை நிப்பாட்டுற விசரன் ஆரெண்டு நானும் விட்டிட்டன்."

காற்று ஒரு தரம் ஊளையிட்டது. குற்றியொன்று கிறீச்சிட்டது. கூட்டம் சேரத் தொடங்கியிருந்தது; ஒழுங்கையால் போனவர்கள் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார்கள்.

"தண்டைக் கழட்டி விட்டால்?" என்றாள் குணலட்சுமி. "சில்லு சும்மா சுத்தட்டும், தண்ணி வராது."

"தண்ணி இழுக்கிற பாரம்தான் இப்ப அதைப் பிடிச்சு வைச்சிருக்குது. பாரத்தை எடுத்தால் வேகம் மூண்டு மடங்காப் போம். தகடெல்லாம் கழண்டு கத்தி மாதிரிப் பறக்கும். ஆரின்ரை கழுத்துக்கு வருமெண்டு சொல்லேலாது."

"கயிறு போட்டுக் கட்டினால்?" என்றார் ஒருவர்.

"முகத்தைக் காத்துக்குக் குடுத்துக்கொண்டு சுத்தாமல் நிண்டால், காத்து முழுக்க அதின்ரை நெஞ்சிலை அடிக்கும். குற்றியோடை சேத்துப் பிடுங்கிக்கொண்டு போய்க் கிணத்துக்கை விழும்."

ஓடினால் கிணறு போகும். அவிழ்த்தால் சில்லு போகும். கட்டினால் இரண்டும் போகும். குணலட்சுமி குழாய் வாயைப் பார்த்தாள். கடல் தொட்டிக்குள் வந்து விழுந்துகொண்டிருந்தது.

தண்ணீர் மாற்றிக்கொண்டு நின்ற நாட்களில் அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். காற்றுத் திசை மாறும்போது குழாயில் தண்ணீர் இடைவிட்டு விழும். நிமிர்ந்து பார்த்தால், சில்லு புதுத் திசைக்குத் திரும்பி முடிக்கும் வரை பக்கவாட்டில் நிற்கும். அப்போது வேகம் செத்துவிடும். பின்னாலிருக்கிற தகர வால்தான் அதைத் திரும்பவும் காற்றின் முகத்துக்குக் கொண்டுவரும்.

"அண்ணை, வாலைப் பிடிச்சு இழுத்தால்?" என்றாள். "வாலைக் குறுக்கை இழுத்து வைச்சால், சில்லு பக்கப்பாடாத் திரும்பாதோ?"

செபநாயகம் அவளையே பார்த்தார். பிறகு உள்ளங்கையை விரித்துச் சில்லு போலப் பிடித்து, மற்றக் கையால் அதைத் திருப்பிப் பார்த்தார். அவருடைய கண் பெரிதானது.

"திரும்பும். கர்த்தரே, திரும்பும்! ஆனால் தகரத்திலை கயிறு போடக்கூடாது, கிழிஞ்சிடும். அங்கை வாலின்ரை நடுவிலை ஒரு பனஞ்சிலாகைத் தடி போகுது பார், அதிலை சுருக்கு விழோணும். ஆள் ஏணியிலை முக்கால்வாசி ஏறோணும். அண்டைக்கு ஏறினது வேறை, இந்த ஆட்டத்திலை நான் ஏறினால் குற்றி தாங்காது."

தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார். கதிரவேலர் அவரைவிடப் பாரம். கூட்டத்தில் நின்ற ஆம்பிளைகள் நிலத்தில் எதையோ தேடினார்கள்.

"நான் ஏறுறன்," என்றாள் குணலட்சுமி.

"புருசன்ரை காற்சட்டையைப் போட்டுக்கொண்டு ஏறு பிள்ளை," என்றார் இரத்தினம்மா. "ஊர் முழுக்கக் கீழை நிக்குது. காத்துக்கு வெக்கம் தெரியாது."

காற்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். கதிரவேலர் தன் பழைய துலாக்கயிற்றைத் தூக்கி வந்து கொடுத்தார். இரத்தினம்மா மாங்காய் பறிக்கிற கொக்கத்தடியைக் கொண்டுவந்தார். தடியின் நுனியில் கயிற்றுச் சுருக்கைக் கொளுவிக்கொண்டு குணலட்சுமி ஏறினாள்.

பாதி ஏணியில் பேச்சுக் கேட்கவில்லை. சில்லின் இரைச்சல் மட்டும் கேட்டது. அவளுடைய தலைக்குச் சற்று மேலே, கோபுரத்தின் மறுபக்கத்தில் தகடுகள் சுற்றின. இந்தப் பக்கத்தில் வால் நடுங்கிக்கொண்டு நின்றது. குற்றிகள் ஆடின. கீழே கிணறு ஒரு கறுப்புக் காசு மாதிரித் தெரிந்தது. பயம் இருந்தது. ஆனால் பயத்தைவிடப் பெரிதாக வேறொன்றும் இருந்தது. திருவிழாவில் ராட்டினம் உச்சிக்குப் போகும்போது வயிற்றில் கிளம்புமே, அது. ஒரு காலை ஏணிப்படிக்குள் கொளுவிக்கொண்டு தடியை நீட்டினாள். காற்று தடியை ஒடிக்கப் பார்த்தது. சுருக்கு வாலில் பட்டு வழுவியது. மறுபடி நீட்டினாள். மறுபடி வழுவியது.

"காத்து மாறுது! குனி! குனி பிள்ளை!" என்று செபநாயகம் கீழே தொண்டை கிழியக் கத்தினார்.

வால் சட்டென்று அசைந்தது. சில்லு இரைந்துகொண்டு அவளுடைய பக்கமாக வளைந்து வந்தது. குணலட்சுமி ஏணியோடு ஒட்டிப்போனாள். தகடுகளின் காற்று அவளுடைய கொண்டையை அவிழ்த்து எறிந்தது. ஒரு கணம் சில்லு அங்கேயே நின்று யோசித்தது. பிறகு காற்று பழைய இடத்துக்கே திரும்ப, வாலும் திரும்பி, அவளுடைய கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. அவள் தடியைக்கூட நீட்டவில்லை. சுருக்கைக் கையாலேயே எடுத்துச் சிலாகையின் நுனியில் மாட்டி இறுக்கிவிட்டாள்.

"இழுங்கோ!"

இறங்கினாளா, வழுக்கினாளா என்று அவளுக்கே தெரியாது. கீழே வந்தபோது கயிற்றின் முன்தலையைக் கதிரவேலர் பிடித்திருந்தார். பின்னால் செபநாயகம், அதற்குப் பின்னால் சைக்கிளில் வந்தவர்கள், கடைசியில் இரத்தினம்மா. குணலட்சுமி நடுவில் பாய்ந்து பிடித்தாள். கயிறு விறைத்தது. வால் கொஞ்சம் வந்தது. காற்று அதைத் திருப்பிப் பறித்தது. மொத்தக் கூட்டமும் வாழைக்குள் இழுபட்டுப் போனது.

"தேருக்கு இழுக்கிற மாதிரி இழுங்கோடா!" என்று கத்தினார் கதிரவேலர். "அரோகரா!"

"அரோகரா!" என்றது கூட்டம். எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னது செபநாயகம். ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் கேட்டால் அவர் என்ன சொல்வார் என்பது அவருடைய பாடு.

வால் வந்தது. சில்லு முகத்தைத் திருப்பத் தொடங்கியது. பாதித் திருப்பத்தில் கோபுரம் முழுவதும் உதறியது. ஒரு தகடு கழன்று, கூட்டத்தின் தலைக்கு மேலால் விசிலடித்துக்கொண்டு போய், கதிரவேலரின் வாழைகளில் ஒன்றை நடுவால் சீவி விழுத்தியது.

"விடாதையுங்கோ! வாழை போனால் போகட்டும், விடாதையுங்கோ!" கத்தியது கதிரவேலரே.

இன்னும் ஒரு இழுப்பு. இரைச்சல் இறங்கியது. தகடுகள் கலங்கலாகத் தெரிந்து, பிறகு தனித்தனியாகத் தெரிந்து, பிறகு எண்ணுகிற வேகத்தில் சுற்றின. தண்டு ஒரு தரம் மேலே போய் நின்றுவிட்டது. குழாய் வாயில் கடைசித் தண்ணீர் சொட்டியது. சில்லு காற்றுக்கு விளிம்பைக் காட்டிக்கொண்டு, சுற்றாமல், சும்மா நடுங்கியது. கயிற்றைப் பனையடியில் நான்கு சுற்றுச் சுற்றிக் கட்டினார்கள்.

சோளகம் அடித்துக்கொண்டேயிருந்தது. இவ்வளவு பெரிய காற்றில் ஒன்றும் ஓடவில்லை என்பதே ஒரு கொண்டாட்டமாக இருந்தது. ஆட்கள் ஒருவரின் முதுகில் ஒருவர் அடித்தார்கள். குணலட்சுமி அவிழ்ந்த தலையோடும் புருசனின் காற்சட்டையோடும் நிலத்தில் மல்லாந்து கிடந்து சிரித்தாள்.

"எல்லாம் சரி," என்றார் கதிரவேலர், மூச்சு வாங்கிக்கொண்டு. "என்ரை முறையிலை இன்னும் அரை நாள் கிடக்கு."

"வாளியாலை அள்ளுங்கோ," என்றாள் அவள். "மேல் தண்ணியை மட்டும். குழாய் அடியிலை கிடந்துதான் சவரை உறிஞ்சினது. மேலாலை மெதுவா அள்ளினால் நல்ல தண்ணி வரும்."

"அப்பிடியெண்டால் உன்ரை வெங்காயத்துக்கு முதல் அள்ளு. வாழை ரெண்டு நாள் பொறுக்கும்." சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே பிடிக்காதவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு வந்தது கொண்டாட்டம் அல்ல, வேலை. வாளியால் அள்ளும் தண்ணீர் எல்லாப் பாத்திக்கும் போதாது. குணலட்சுமி வெங்காயத்துக்குள் நடந்து பார்த்து, பள்ளமான பக்கத்தை விட்டாள். மிளகாய்க் கன்றுகளை மொத்தமாகவே விட்டாள். மேட்டுப் பக்கத்துப் பாத்திகளுக்கு மட்டும், சாம்பலும் இலைகுழையும் பரப்பி, கையால் ஊற்றினாள். கைவிட்ட பாத்திகள் வெள்ளையாகிச் சரிந்ததைத் தினமும் கடந்து போகவேண்டியிருந்தது. கடந்து போனாள். கிணறு மெல்ல மெல்லத் தெளிந்தது. கதிரவேலரின் மாடு தன் தொட்டிக்குத் திரும்பியது. செபநாயகம் வந்து குழாயின் அடியை உயர்த்தி வைத்தார். வாலுக்குக் கப்பியும் கயிறும் பூட்டி, கழன்ற தகட்டையும் திரும்ப அறைந்தார். பட்டறையில் கிடந்த புதுக் காற்றாடிக்கு முதலில் கயிற்றைப் பூட்டிவிட்டுத்தான் தகரத்தை வெட்டினார்.

சில்லு மறுபடி சுற்றியபோது உறுதியில் இல்லாத ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. தொட்டி நிரம்பினால் கயிறு. யாருடைய முறையென்றாலும் கயிறு. தொட்டி நிரம்பியதா இல்லையா என்று தினமும் விடியப்புறம் சண்டை நடந்தது; இரத்தினம்மா அதில் ஒருநாளும் தோற்கவில்லை.

ஆடி நடுவில் குணலட்சுமி வெங்காயத்தைக் கிண்டி எடுத்தாள். ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவுதான். சந்தைக்குக் கொண்டுபோனால் சிரிப்பார்கள். கொண்டுபோகிற எண்ணம் அவளுக்கு இல்லை. தாளோடு சேர்த்துப் பிடிபிடியாகக் கட்டி, பரணில் ஒவ்வொன்றாகத் தூக்கினாள். பரண் பாதிக்குமேல் நிறைந்தது. காய்ந்து வற்றினாலும் அடுத்த போகத்து விதைக்குப் போதும்.

கடைசிப் பிடியிலிருந்து ஒன்றைப் பிடுங்கி, தோலுரித்து, பச்சையாகக் கடித்தாள். காரம் மூக்குக்குள் ஏறி உச்சியில் அடித்தது. கண்ணால் தண்ணீர் கொட்டியது. "கதிரவேலண்ணை!" என்று கத்திக்கொண்டு வேலிப்பக்கம் ஓடினாள். "இஞ்சை வாங்கோ, ஒருக்கால் கடிச்சுப் பாருங்கோ! சவர் இல்லை. சும்மா நெருப்பு!"